எட்டாம் வகுப்புக்கு ஒரு குடவோலை

ஏப்ரல் கடைசி வந்தால் போதும், உத்திரமேரூர் கடைவீதியில் ஃபிளெக்ஸ் பேனர்கள் முளைத்துவிடுகின்றன. ரோபாட்டிக்ஸ், ட்ரோன், கோடிங், செயற்கை நுண்ணறிவு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை யாரும் சேரலாமாம். பிள்ளைக்கு எந்தத் துறை ஒத்துவரும் என்பதை ஐந்தாறு நாட்களில் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்களாம். கட்டணம் மட்டும் பேனரில் இருக்காது. போன் செய்தால் சொல்வார்கள். சென்னைப் பெற்றோரைக் குறிவைத்துத் தொடங்கிய கோடைத் தொழில் வழிகாட்டி முகாம் வியாபாரம், ஏரிப் பாசனத்து ஊர்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

வியாபாரிகள் மீது எனக்குக் கோபமில்லை. சந்தை கூடும் இடத்தில் கடை விரிப்பது அவர்கள் தொழில். எரிச்சல் மூட்டுவது, இதே விஷயத்தை வைத்து டெல்லியும் சென்னையும் நடத்திக்கொண்டிருக்கும் லாவணி.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் பத்து நாட்கள் புத்தகப் பை இல்லாமல் வந்து உள்ளூர் தச்சர், குயவர், தோட்டக்காரர், கலைஞர் ஆகியோரிடம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை இப்படிப்பட்ட வாய்ப்புகளை விடுமுறையிலும் தரலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறது. 2024 ஜூலையில் அதற்கு வழிகாட்டுதல்கள் வந்தன. மொத்தம் 33 செயல்பாடுகள். தமிழகம் இதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னது: குலக்கல்வி. கொள்கையை ஏற்காததற்காக 2024-25இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. மாநிலத்தின் பணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கல்வி பேசுவது அராஜகம். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால், இத்தனை சண்டைக்குப் பிறகு சாலவாக்கத்திலோ மானாம்பதியிலோ எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? டெல்லி சொன்னதும் வரவில்லை, அதைவிட நல்லதாகச் சென்னையும் ஒன்று தரவில்லை. மிஞ்சியது பேனர்.

‘நான் முதல்வன்’ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் ‘கல்லூரிக் கனவு’ வந்தது. பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடிப் பிடிக்க ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள் நடக்கின்றன. பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுசேர்ப்பதில் தமிழகத்துக்கு நிகர் இல்லை. 2021-22ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆய்வின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இங்கே 47, அகில இந்திய அளவில் 28.4. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். திருப்புலிவனத்தில் அரசுக் கலைக் கல்லூரி. இவற்றால் இந்த வட்டாரத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் உருவாகியிருக்கிறார்கள் என்பதை மறுப்பவர் கண்ணிருந்தும் பார்க்காதவர்.

சிக்கல் வேறு. இந்தத் திட்டங்கள் எல்லாம் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்த நுழைவுத் தேர்வு என்று சொல்கின்றன. வேலை என்பது என்ன என்று சொல்வதில்லை. சிவில் இன்ஜினீயருக்குத் தொடக்கச் சம்பளம் எவ்வளவு என்று திரையில் காட்டுகிறார்கள். கான்கிரீட் போடுகிற நாளில் அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று யார் காட்டுவது? செவிலியர் படிப்புக்கு எத்தனை இடங்கள் என்று பட்டியல் உண்டு. அரசு மருத்துவமனையின் இரவுப் பணி எப்படி இருக்கும் என்பதற்குப் பட்டியல் இல்லை. வழிகாட்டலின் உச்சம் பிளஸ் டூவில்தான் வருகிறது. அதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும், பள்ளியில் எந்தப் பிரிவு இருக்கிறது என்பதையும், பக்கத்து வீட்டு அண்ணன் எதை எடுத்தான் என்பதையும் வைத்து பதினைந்து வயதிலேயே பிள்ளையின் தலையெழுத்தை எழுதிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் இந்த முகாம்கள் பார்க்க மறுக்கின்றன. உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களுக்கு ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ் வருகிறது. டிப்ளமோவும் பட்டமும் முடித்த பிள்ளைகள் அதில்தான் ஏறுகிறார்கள். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்தார். அடுத்த மாதமே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஷிப்ட், ஓவர்டைம், பிஎஃப் பிடித்தம், கான்ட்ராக்ட், சங்கம்: ஒரு மணி நேரத் தொலைவில் காத்திருக்கும் வாழ்க்கையின் அரிச்சுவடி இவை. எந்தக் கோடை முகாமின் பாடத்திட்டத்திலும் இவற்றில் ஒரு சொல் உண்டா? ட்ரோன் பறக்கவிடச் சொல்லித் தருகிறார்கள். பறக்கட்டும்.

கோடை என்றால் எல்லாருக்கும் ஓய்வு என்ற நகரத்து எண்ணத்தில் இருந்துதான் இந்தக் கோளாறு தொடங்குகிறது. கிராமத்துப் பிள்ளைக்கு மே மாதத்தில் ஏற்கெனவே ஒரு முகாம் நடக்கிறது. அது வீட்டில் நடக்கிறது. மாடு, வேர்க்கடலை, மளிகைக் கடை, தறி. காஞ்சிபுரம் பட்டில் கோர்வைப் புடவைக்கு நெசவாளியோடு இன்னொரு கை வேண்டும்; நெடுங்காலம் அந்தக் கை பிள்ளையின் கையாகத்தான் இருந்தது. தார் சுற்றுவதும் பிள்ளைகள் வேலையே.

இந்த வீட்டு முகாமுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு என்பதைத்தான் நம் மேடைப் பேச்சாளர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று தடுக்கிறது. அடுத்த வரியிலேயே ஒரு கதவைத் திறக்கிறது: பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம். அதாவது, மே மாதத்தில் மளிகைக் கடைக்காரரின் மகளை மெக்கானிக் பட்டறையில் யாராவது வேலைக்கு வைத்தால் குற்றம்; அப்பாவின் கடையில் அவள் உட்கார்ந்தால் குற்றமில்லை. 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னார். குலக்கல்வி என்று நாடு கொதித்தது. மறு ஆண்டு காமராஜர் வந்து அந்தத் திட்டத்தைக் குப்பையில் போட்டார். அவர் போட்டதை நாடாளுமன்றம் 2016இல் பொறுக்கி எடுத்து, கோடை விடுமுறை முழுவதற்கும் நீட்டித்து வைத்திருக்கிறது. குலக்கல்வி என்று தொண்டை கிழியக் கத்துபவர்கள் முதலில் கத்த வேண்டிய இடம் அது.

இங்கே ஜப்பானைக் கொண்டுவராமல் என்னால் இருக்க முடியாது. இதைப் பேச ஆரம்பித்தாலே நண்பர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பரவாயில்லை. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. 6,400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஈராண்டு கழித்து அதே நகரத்தில் குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவன் பதினான்கு வயதுப் பள்ளி மாணவன். பிள்ளைகளுக்கும் ஊருக்கும் இடையில் ஏதோ அறுந்துவிட்டது என்று கோபே அடங்கிய ஹியோகோ மாகாணம் பதறியது. 1998இல் ‘டிரை-யாரு வாரம்’ பிறந்தது. நடுநிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டில், அதாவது நம் எட்டாம் வகுப்பு வயதில், மாணவர்கள் ஐந்து நாட்கள் வகுப்புக்குப் போவதில்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போகிறார்கள். பேக்கரிக்கு, மழலையர் பள்ளிக்கு, வயலுக்கு, மீன்பிடித் துறைக்கு, முதியோர் இல்லத்துக்குப் போகிறார்கள். காலையில் அந்த இடத்துப் பெரியவர்களோடு வேலையைத் தொடங்கி அவர்களோடு முடிக்கிறார்கள். கொரோனா காலத்து இடையூறு போக, கால் நூற்றாண்டைத் தாண்டியும் இது நடந்துவருகிறது. ஜெர்மனியிலும் இரண்டு மூன்று வாரப் பணியிடப் பழக்கம் உண்டு. ஆனால் அங்கே தொழிற்பயிற்சிக்கு ஆழமான மரபு இருக்கிறது, நமக்குப் பொருந்தாது என்று தட்டிக்கழித்துவிடுவார்கள். ஹியோகோவைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஏனென்றால் அங்கே மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அது பள்ளி நடக்கும் காலத்தில் நடக்கிறது, விடுமுறையில் நடப்பதில்லை. விரும்பிக் கட்டணம் கட்டியவர்களுக்கு என்றில்லாமல் வகுப்பு மொத்தத்துக்கும் நடக்கிறது. எல்லாவற்றையும்விட, சொந்த ஊரில் நடக்கிறது. ஜப்பானில் சாதி இல்லையே என்பார்கள். புராக்குமின் என்று ஒரு மக்கள் கூட்டம் அங்கே உண்டு. தோல் பதனிடுதல், இறைச்சி வெட்டுதல் போன்ற தொழில்களுக்காகவே பரம்பரையாக ஒதுக்கப்பட்டவர்கள். அவர்கள் கணிசமாக வாழும் மாகாணங்களில் ஹியோகோவும் ஒன்று. ஒதுக்கலின் வரலாறு உள்ள இடத்திலேயே ஒரு பிள்ளையை ஊரின் எல்லா வேலைகளுக்கும் அனுப்ப முடிகிறது என்றால், நமக்கு என்ன தடை?

தடை இருக்கிறது, அது நியாயமான தடை. ‘உள்ளூர்த் தச்சரிடம் போ’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், உத்திரமேரூரில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தச்சரின் மகன்தான் தச்சரிடம் போவான். மருத்துவரின் மகள் மருத்துவமனைக்குப் போவாள். துப்புரவுப் பணியாளரின் மகனை எங்கே அனுப்புவார்கள் என்பதை எழுதவே கூசுகிறது. தேசியக் கல்விக் கொள்கையை எழுதியவர்களுக்கு இந்த நாட்டைத் தெரியாது, அல்லது மிக நன்றாகத் தெரியும்.

தீர்வு இந்த ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசாமல் இங்கே எந்த அமைச்சரும் மேடை இறங்குவதில்லை. உலக ஜனநாயகத்தின் தொட்டில் என்ற புகழ்ச்சியை நான் வாங்கமாட்டேன். நிலம், சொந்த மனை, வேதப் பயிற்சி, முப்பத்தைந்து வயது என்று தகுதி வைத்து ஊரில் பெரும்பாலானவர்களை வெளியே நிறுத்திய பிரம்மதேயத்துச் சபை அது. பெண்களுக்கு அங்கே இடமே இல்லை. ஆனால் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த குடம் நல்ல குடம். ஊரின் முப்பது குடும்புகளிலிருந்தும், அதாவது வார்டுகளிலிருந்தும், பெயர் எழுதிய ஓலைகள், நடுவே ஒரு குடம், விவரம் அறியாத சிறுவனின் கை. யார் யாருக்கு வேண்டியவர் என்பது அந்தக் கைக்குத் தெரியாது. இன்னொரு விதியும் உண்டு: ஏரி வாரியத்திலும் தோட்ட வாரியத்திலும் ஏற்கெனவே பணி செய்து பழகியவர்களில் இருந்தே ஆண்டு வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். மதகடியில் நிற்காதவன் கணக்குப் பார்க்க வரவேண்டாம் என்று நான் அதைப் படிக்கிறேன்.

தகுதிப் பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு, குடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். உத்திரமேரூர் ஒன்றியத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும். பணியிடங்கள் ஓலையில்: ஏரி மதகும் நீர்வளத் துறையும், நேரடி நெல் கொள்முதல் நிலையம், துணை மின் நிலையம், வட்டாட்சியர் அலுவலகம், கால்நடை மருத்துவமனை, பால் கூட்டுறவுச் சங்கம், லேத் பட்டறை, தையற்கடை, தறி, அங்கன்வாடி, தொல்லியல் துறை காக்கும் இதே கோயில். பெற்றோரின் தொழில் வந்தால் ஓலையை மறுபடி குடத்தில் போட வேண்டும். விதி அவ்வளவுதான். குவாரியும் கிரஷரும் பட்டியலில் வேண்டாம். அங்கே பெரியவர்களுக்கே பாதுகாப்பில்லை.

குடும்பத் தொழிலைத் தவிர்க்கும் எண்ணம் அரசுக்கும் புதிதல்ல. 2024 நவம்பரில், கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழக அரசு மறுத்தபோது, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடு, குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 35 ஆக்கு என்று கேட்டது. பிறகு இதே மாவட்டத்துக் குன்றத்தூரில் 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தை, 35 வயதை வைத்தே தொடங்கியது. பராந்தகன் கேட்டதும் முப்பத்தைந்துதான், தற்செயல்! சரியான முடிவு, ஆனால் பாதி முடிவு. அப்பாவின் தொழிலுக்குள் பிள்ளை சீக்கிரம் போய்விடக் கூடாது என்று முப்பத்தைந்தில் வேலி போட்டவர்கள், பிறர் தொழிலை அவன் பதின்மூன்றில் பார்க்க ஒரு வாசல் வைத்தார்களா?

ஆள் எங்கே, ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே எமிஸ் இணையதளப் பதிவேற்றமே தலைக்கு மேல் என்று ஆசிரியர் சங்கங்கள் சொல்லும். சங்கங்கள் எதற்குத்தான் சரி என்றிருக்கின்றன? ஆள் இருந்தார்கள். 2012இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், இசை, கணினி, தோட்டக்கலை, கட்டடக்கலை என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாட்கள். நடுநிலைப் பள்ளி வளாகத்தில் கையில் தொழிலோடு நின்றவர்கள் இவர்கள். பணி நிரந்தரம் கேட்டுக் கேட்டே பலர் வெளியேறி, சுமார் 12 ஆயிரமாகச் சுருங்கினார்கள். பல ஆண்டுகள் அவர்களுக்கு மே மாதச் சம்பளமே கிடையாது. கோடைத் தொழில் முகாம் நடக்கும் அதே மே மாதம்! தொழில் தெரிந்த ஆசிரியரை மே மாதம் பட்டினி போட்டுவிட்டு, பேனர்காரரிடம் பிள்ளையை அனுப்பும் நாட்டில் தொழில் வழிகாட்டல் எப்படி விளங்கும்? 1978இல் பிளஸ் டூவோடு வந்த தொழிற்கல்விப் பிரிவுக்கும் இதே கதிதான்: ஆசிரியர் ஓய்வு பெறுவார், இடம் நிரம்பாது, பிரிவுக்குப் பூட்டு.

‘என் பிள்ளை லேத் பட்டறையில் நிற்கவா ஃபீஸ் கட்டுகிறேன்’ என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. அவர்கள் வீட்டு மோட்டார் நின்றால் யாருக்குப் போன் செய்கிறார்கள் என்று கேட்டால் போதும்.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்புகிற நவம்பரில் ஐந்து நாட்கள். மாவட்ட ஆட்சியரும் முதன்மைக் கல்வி அலுவலரும் மனது வைத்தால் ஒரு சுற்றறிக்கை. சட்டமன்றம் வேண்டாம், டெல்லி வேண்டாம். ஒரு தலைமுறை இப்படிக் குடத்தில் கைவிட்டு வளர்ந்தால், ஆயிரம் ஆண்டுகளாகப் பிரியாத சாதியும் தொழிலும் இந்த வட்டாரத்தில் பிரிந்துவிடும் என்று நான் அடித்துச் சொல்வேன். ஒரே ஒரு நிபந்தனை. மெட்ரிக் பள்ளிகளின் பெயரும் சிபிஎஸ்இ பள்ளிகளின் பெயரும் அதே குடத்தில் விழ வேண்டும், வட்டாட்சியரின் மகள் உட்பட. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால், திட்டமே வேண்டாம். பேனர்களே இருந்துவிட்டுப் போகட்டும்.