ஜீப்புக்குள் மௌனம்

பழைய ஜீப் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்குவது, வாங்கிய கையோடு அதன் உட்புறத்தை ஓர் அரண்மனை அறையாக மாற்றுவது என்ற மோகம் சென்னையிலும் செங்கற்பட்டு வட்டாரத்திலும் இப்போது வலுத்திருக்கிறது. வெளியே பட்டாளத்து வண்டி. உள்ளே பட்டு மெத்தை. இதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. இதில் இருக்கிற இரண்டு கட்சிக்காரர்களுக்குமே அது பிடிக்காது. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

முதல் கட்சி பழமைவாதிகள். ஜீப் என்றால் குலுங்க வேண்டும், உறும வேண்டும், இறங்கும்போது இடுப்பு வலிக்க வேண்டும் என்பது இவர்களுடைய சித்தாந்தம். 1941இல் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட வில்லீஸ் ஜீப்பின் வம்சம் இது. 1947இல் பம்பாயில் மகீந்திரா கம்பெனி பூட்டி விற்க ஆரம்பித்த வண்டி. கலெக்டரும் தாசில்தாரும் பி.டி.ஓ.வும் ஏறிப் போய் ஏரி உடைப்பைப் பார்த்த வண்டி. அதற்கு மெத்தை வைப்பது சிங்கத்துக்குச் சலங்கை கட்டுவது போல என்று அவர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள்.

இவர்களைப் பார்த்து ஒன்று கேட்கிறேன். ஜீப்பை நீங்கள் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரைக்கும் போய், காப்பி குடித்துவிட்டுத் திரும்புவீர்கள். இடுப்பு வலி உங்களுக்கு ஒரு வீரப் பதக்கம். ஆனால் முப்பது வருஷம் சர்க்கார் ஜீப் ஓட்டிய மனிதர் ஒருவர் மதுராந்தகம் பக்கத்தில் இருக்கிறார். அவரால் இப்போது சம்மணம் போட்டு உட்கார முடியாது. திண்ணையில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார். “ஜீப்பு அதிகாரிங்களுக்கு வாகனம் சார், எனக்கு உரலு. உலக்கை எப்போ இறங்கும்னு தெரியாது” என்றார் ஒரு நாள் என்னிடம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பை விநாடிக்கு நாலிலிருந்து எட்டு முறை மேலும் கீழும் ஆட்டினால் அது மிக அதிகமாகப் பாதிக்கப்படுகிறது; முதுகெலும்பும் குடலும் அந்தக் கதியில்தான் கூடச் சேர்ந்து ஆடுகின்றன. பழைய ஜீப்பின் அடியிலே இருப்பது அடுக்கடுக்கான இரும்பு வில் பட்டை. பாரம் ஏற்றினால் அது வளைந்து கொடுக்கும். ஒற்றை ஆளோடு போகும்போது கல்லைப் போல் நிற்கும். அதற்கு மேலே தகரம். தகரத்துக்கு மேலே ஒரு சாண் அகலத்தில் ரெக்ஸின் போட்ட பலகை. இந்த ஆசனத்தில் ஒரு மனிதனை நாள் முழுவதும் உட்கார வைப்பதில் என்ன கலாசாரப் பெருமை இருக்கிறது? நல்ல ஆசனம் போடுவது சொகுசு ஆகாது, நியாயம். அதை முதலில் ஓட்டுகிறவருக்குப் போட வேண்டும். பின்னால் உட்காரும் எஜமானுக்குத் தோல் மெத்தையும் ஓட்டுநருக்குப் பழைய பலகையுமாக இருக்கிற வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த எஜமானர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு திக்கில் போய்விடும்.

ஆசனம் மாற்றுவதிலும் மூளை வேண்டும். புதுப்பேட்டையில் உடைத்த கார்களின் ஆசனங்கள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஒன்றைத் தூக்கி வந்து பூட்டிவிட முடியாது. பழைய வில்லீஸ் ரகத்தில் பெட்ரோல் டாங்கே ஓட்டுநரின் ஆசனத்துக்கு அடியில்தான் இருக்கிறது. அதற்கு மேலே தடித்த கார் ஆசனத்தை ஏற்றினால் தலை கூரைக் குழாயில் இடிக்கும். கண் கண்ணாடியின் மேல் சட்டத்தைத்தான் பார்க்கும். தரையோ மெல்லிய தகரம். அடியில் கனத்த பட்டை கொடுக்காமல் நாலு போல்ட் முறுக்கிவிட்டால், மோதலின்போது மனிதன் ஆசனத்தோடு பெயர்ந்து வருவான். ரொம்ப மெத்தென்ற பஞ்சும் ஆகாது. முதல் பள்ளத்திலேயே அமுங்கி அடித்தட்டைத் தொட்டுவிடும். பதிவுப் புத்தகத்தில் எழுதியுள்ள ஆசனக் கணக்கை மாற்றுவதற்கும் சட்டம் இடம் கொடுப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கேரளத்து வழக்கு ஒன்றில், தயாரித்தவர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

இனி இரண்டாவது கட்சி. என்னுடைய உண்மையான சண்டை இவர்களோடுதான்.

இவர்கள் சப்தத்தை ஒழிக்கப் புறப்பட்டவர்கள். ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலே வண்டியை நிறுத்தினால் போதும். தரை, கதவு, என்ஜினுக்கும் காலுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவர் எல்லாவற்றிலும் பளபளக்கும் அலுமினியத் தாள் ஒட்டிய ப்யூட்டைல் ரப்பர் விரிப்பைப் பதித்து உருளை போட்டு அழுத்துவார்கள். அதன் தத்துவம் எளிது. தகரம் தம்பட்டத்தைப் போல அதிர்கிறது; தம்பட்டத்தின் மேல் ஈரத் துணியைப் போட்டால் ஓசை அமுங்குவது போல, கனத்த ரப்பர் அந்த அதிர்வைத் தின்றுவிடுகிறது. அதன் மேல் நுரை விரிப்பு. அதன் மேல் கம்பளம். கதவு இடுக்குகளில் ரப்பர்ப் பட்டி. எல்லாம் முடிந்து கதவைச் சாத்தினால் ‘டப்’ என்று கிணற்றில் தேங்காய் விழுந்த மாதிரி கேட்கும். முன்பு ‘டணால்’ என்று அண்டா உருண்ட மாதிரி கேட்டது. சந்தோஷமான விஷயந்தான். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சப்தம் ஏறக்குறையப் பாதியாகத் தோன்றும் என்கிறார்கள்.

ஆனால் யாருடைய காதுக்கு? இந்தக் கேள்வியைத்தான் இவர்கள் கேட்டுக்கொள்வதில்லை.

சென்ற தை மாதத்தில் நண்பர் ஒருவர் தம்முடைய ஜீப்பில் என்னை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனார். டீசல் என்ஜின் வைத்த பழைய 540 ரகம். ஆறு மாதம் பட்டறையில் கிடந்து, சர்வாலங்காரத்தோடு வெளியே வந்திருந்தது. “ஓய், என்ஜின் ஓடுகிறதா இல்லையா, சொல்லும் பார்ப்போம்!” என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். உண்மையிலேயே உள்ளே அமைதியாக இருந்தது. ஊர் எல்லைக்கு வந்ததும் நான் இறங்கி நடந்தேன். அப்போதுதான் வண்டியின் நிஜமான குரலைக் கேட்டேன். சைலன்ஸரை எடுத்துவிட்டு, கம்பீரத்துக்காக ஒரு வெற்றுக் குழாயை மாட்டியிருந்தார் நண்பர்! சேற்றுக்கான முரட்டுக் கட்டை டயர்கள் தார் ரோட்டில் வண்டுக் கூட்டம் போல இரைந்தன. டீக்கடையில் இருந்த பெரியவர் ஒருவர், “இவுரு வண்டிங்களா? மதுராந்தகம் ரோட்டுல திரும்பறப்பவே தெரிஞ்சிடுச்சுங்க” என்றார். அவர் குறை சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார். நண்பரின் காதில் அது விழவில்லை. அவர் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதிலுள்ள அநியாயத்தை உணர வேடந்தாங்கலின் கதை தெரிந்திருக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டு விளையாடினார்கள். ஊர் ஜனங்கள் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் அவர் ஒரு கௌல் எழுதிக் கொடுத்தார்; பறவைகளைப் பாதுகாக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்பது அதன் சாரம். வேடர்களின் பெயரைத் தாங்கிய ஊர், வேட்டைக்காரனை வெளியே நிறுத்தியது. 1936இல் சரணாலயம் என்று அங்கீகாரம் கிடைத்தது. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 2022இல் ராம்சர் ஒப்பந்தப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. சட்டங்களெல்லாம் பின்னால் வந்தவை. முதலில் வந்தது ஊர்க் கட்டுப்பாடு.

ஊராருக்கு இதில் சொந்த லாபமும் உண்டு. அதைச் சொல்ல அவர்கள் வெட்கப்படுவதில்லை. நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் வக்காவும் ஏரி நடுவிலுள்ள மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. எச்சம் ஏரி நீரில் கரைகிறது, அந்த நீர் வயலுக்குப் பாய்கிறது, நெல் செழிக்கிறது. பதிலுக்கு ஊர் என்ன கொடுக்கிறது? அமைதியைக் கொடுக்கிறது. தீபாவளிக்கு வேடந்தாங்கலில் வெடி வெடிப்பதில்லை. சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டியும் இதே விரதத்தைக் காக்கிறது. பெரியவர்கள் வெடியை விடுவது பெரிய தியாகம் ஆகாது. எட்டு வயசுப் பையன் ஒருவன், அடுத்த ஊரில் அணுகுண்டு வெடிப்பதைக் கேட்டுக்கொண்டு, தன் வீட்டு வாசலில் சும்மா நிற்கிறானே, அவன் கொடுப்பதுதான் தியாகம். அவன் வருஷம் முழுவதும் காத்திருந்து விட்டுக் கொடுத்த அமைதியை, நாம் வெற்றுக் குழாயோடு வந்து ஐந்து நிமிஷத்தில் குலைத்துவிட்டு, ஜன்னலை ஏற்றிக்கொண்டு, “ஆஹா, என்ன நிசப்தம்!” என்கிறோம்.

இதற்குச் சமாதானங்கள் தயாராக இருக்கின்றன. பஸ் போகிறதே, டிராக்டர் போகிறதே, அதைக் கேட்க மாட்டீரா என்பார்கள். டிராக்டர் அந்த ஊரின் பிழைப்பு. பஸ் அந்த ஊரின் கால். நாம் போவது வேடிக்கை பார்க்க. வேடிக்கை பார்க்க வந்தவன் வீட்டுக்காரனைவிட மெதுவாக நடக்க வேண்டும். இது எந்த வீட்டிலும் உள்ள மரியாதை. என் பணம், என் வண்டி, என் இஷ்டம் என்பது இன்னொரு சமாதானம். கதவுக்கு உள்ளே இருப்பதெல்லாம் உங்கள் இஷ்டந்தான். அதில் நான் தலையிடவில்லை. புகைக் குழாயின் முனை கதவுக்கு வெளியே இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி மண்டலம் என்று வகுத்து, பகலில் 50, இரவில் 40 டெசிபல் என்று எல்லை கட்டியிருக்கின்றன. டெசிபல் என்ற வார்த்தையே உலகத்தில் பிறக்காத காலத்தில் ஓர் ஏரிக்கரைக் கிராமம் தனக்குத் தானே எல்லை கட்டிக்கொண்டது. அதற்காவது நாம் தலை வணங்க வேண்டாமா?

உள்ளே பஞ்சு அடைப்பதில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. தன் வண்டி போடும் சப்தம் தனக்கே கேட்காதபோது, அதைச் சரி செய்ய வேண்டும் என்ற எண்ணமும் போய்விடுகிறது. தேய்ந்துபோன குறுக்கு மூட்டு முனகுவது கேட்பதில்லை; கியர்ப் பெட்டி எண்ணெய் வற்றி அழுவது கேட்பதில்லை. பின்னால் வருகிற சைக்கிள்காரனின் மணியும் கேட்பதில்லை. நோயாளியைக் குணப்படுத்தாமல் வைத்தியர் தம் காதில் பஞ்சை வைத்துக்கொள்வதற்குச் சமம் இது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். சப்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே அடக்குங்கள். முறையான சைலன்ஸர், ஓட்டை இல்லாத புகைக் குழாய், என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் புதிது, தேய்ந்த மூட்டுகளுக்குப் பதில் நல்லவை, தார் ரோட்டுக்கு ஏற்ற டயர். இவை ஒவ்வொன்றும் உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் ஒருசேர நன்மை செய்யும். அடுத்தபடியாக ஓட்டுநருக்கு நல்ல ஆசனம். அதற்கும் பிறகு பணம் மிஞ்சினால் ரப்பர் விரிப்புப் போடுங்கள். அதிலும் தகரம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. அதிரும் இடத்தைத் தட்டிப் பார்த்து அங்கே ஒட்டினால் போதும். மலிவாக இருக்கிறதென்று மொட்டை மாடிக்குப் போடும் தார் விரிப்பை ஒட்டாதீர்கள். செங்கற்பட்டுச் சித்திரை வெயிலில் அது உருகி நாறும். தரையில் நீர் வடிவதற்கு விட்டிருக்கிற துளைகளை அடைக்காதீர்கள். கடற்கரையின் உப்புக் காற்றும் நனைந்த நுரையும் சேர்ந்தால், கம்பளத்துக்கு அடியில் உங்கள் ஜீப் சத்தமில்லாமல் துருப்பிடித்துப் போகும்.

இவ்வளவும் செய்து முடித்தோமா என்று பார்க்க ஒரு சுலபமான பரீட்சை உண்டு. வண்டிக்குள் உட்கார்ந்து செய்கிற பரீட்சை அல்ல அது. வேறொருவரை விட்டு என்ஜினை முடுக்கச் சொல்லிவிட்டு, பின்னால் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். உங்கள் காதே கூசினால், வேடந்தாங்கல் பக்கம் போக அந்த வண்டிக்கு யோக்கியதை இல்லை. பட்டறைக்காரரிடம் மெத்தையின் நிறத்தைப் பற்றிப் பேசுமுன் சைலன்ஸரைப் பற்றிப் பேசுங்கள்.