பழைய டீசல் கெப்பின் பம்பைக் கூட்டுவதற்கு முன்

 

நீளமான பதிவு. கெப் வைத்திருப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன கிழமை பாடசாலை விடுகிற நேரம் நாங்கள் கேட் அருகே நின்றோம். மேட்டில் ஒரு பழைய ஹைலக்ஸ் ஏறி வந்தது. ஓட்டினவர் கியரைக் குறைத்து மிதித்தாரோ இல்லையோ, பின்னால் கரும்புகை ஒரு சுவர் மாதிரி எழும்பியது. தோட்டத்துப் பிள்ளைகள் பாதையோரம் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். வெள்ளை யூனிபோர்ம். வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இருமி இருமிக் கண்ணீர் விட்டது.

ஓட்டினவர் எங்களிடம் படித்த பிள்ளைதான். அடுத்த நாள் கடையில் கண்டு கேட்டோம். "சேர், பம்பைக் கூட்டினேன். இப்ப ஏத்தத்துல பறக்குது" என்றார் சந்தோஷமாக. பெரிய நோசலும் போடப் போகிறாராம். அவரைப் போல இன்னும் நாலைந்து பேர் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தோம்.

நாங்கள் மெக்கானிக் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள். ஆனால் எங்கள் வீட்டிலும் ஒரு எல்என் 106 நிற்கிறது. வாப்பா காலத்து வண்டி, 3எல் என்ஜின். அதன் பம்பையும் நோசலையும் வைத்துக்கொண்டு நாங்களும் பட்டிருக்கிறோம், காசும் விட்டிருக்கிறோம். அந்த உரிமையில் கதைக்கிறோம்.

முப்பது வருஷம் பழைய கெப்பை யாரும் ஆசைக்கு வைத்திருக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்தபிறகும் வரியைப் பார்த்தால் எங்களைப் போன்றவர்கள் பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே இருக்கிற வண்டியில்தான் குருத்தலாவை உருளைக்கிழங்கும் வெலிமடை மரக்கறியும் கெப்பட்டிபொலைக்குப் போகிறது. அதே வண்டிதான் நடு இரவில் மேல் தோட்டத்து லயத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சியைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இறக்குகிறது. இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும் என்று கேட்பது நியாயமான ஆசை. அதை எங்கே தேடுகிறோம் என்பதில்தான் எங்களுக்குக் கருத்து வேறுபாடு.

தம்பிமார் போனில் காட்டும் வீடியோக்களைப் பார்த்தோம். அமெரிக்காவில் பழைய டொட்ஜ் ராம் வண்டிகள். கமின்ஸ் 5.9 லீட்டர் என்ஜின். பம்பின் பின்னால் உள்ள திருகைக் கொஞ்சம் உள்ளே முறுக்குகிறார்கள், நோசல் மாற்றுகிறார்கள், வண்டி சிங்கம் மாதிரி பாய்கிறது. அதில் பொய் இல்லை. 1989 முதல் 1993 வரை வந்த அந்த ராம்களில் இருந்தது பொஷ்ஷின் விஇ பம்ப். நம் ஹைலக்ஸில் இருப்பதும் அதே விஇ வகைதான், பொஷ்ஷின் உரிமத்தில் ஜப்பானில் டென்சோ செய்தது. "ஒரே பம்ப்தானே சேர்" என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் பம்ப் மட்டும்தான் ஒன்று. அந்த என்ஜின் ஆறு சிலிண்டர், நம் 2,779 சிசி 3எல்லைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எல்லாவற்றையும் விட, அதில் டர்போ இருக்கிறது. டர்போ காற்றை அமுக்கித் தள்ளும்போது அந்த அமுக்கத்தை உணர்ந்து டீசலைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு டயபிரமும் அந்தப் பம்பிலேயே இருக்கிறது. காற்று வந்தபிறகு டீசல் கூடும். நம் 3எல்லில் டர்போ கிடையாது. தானாக இழுக்கிற காற்று எவ்வளவோ அவ்வளவுதான்.

வீட்டில் குப்பி லாம்பு எரித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். திரியைத் தூண்டினால் ஓரளவு வரை வெளிச்சம் கூடும். அதற்கு மேல் தூண்டினால் சிமினி கறுக்குமே தவிர வெளிச்சம் கூடாது. ஒரு கிலோ டீசல் முழுவதுமாக எரிய ஏறத்தாழ பதினாலரை கிலோ காற்று வேண்டும். டீசல் என்ஜின் புகை விடாமல் ஓட அதைவிடத் தாராளமாகவே வேண்டும்.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். பதுளை டவுன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர். பண்டாரவளை 1,200ஐத் தாண்டுகிறது. அப்புத்தளை 1,400க்கு மேல். அப்புத்தளையில் காற்றமுக்கம் கொழும்பை விட ஏறத்தாழ 15 வீதம் குறைவு. கடற்கரையில் ஓடும் வண்டிக்கும் நம் வண்டிக்கும் பம்ப் ஒரே அளவு டீசலைத்தான் கொடுக்கிறது, காற்று மட்டும் நமக்குக் குறைவு. டொயோட்டா இதை அறியாதது அல்ல. உயரத்துக்கேற்ப டீசலைத் தானாகக் குறைக்கும் ஒரு சாதனத்தை அவர்களுடைய சில பம்புகளில் வைத்தே செய்திருக்கிறார்கள். அதாவது மலைக்கு வந்தால் டீசலைக் குறைக்க வேண்டும் என்று என்ஜினைச் செய்தவனே நினைக்கிறான். நாமோ திருகைக் கூட்டுகிறோம்.

கூட்டின அன்றைக்கு வித்தியாசம் தெரியும் என்பதை மறுக்கவில்லை. கொஞ்சம் இழுக்கும். எரியாத மிச்சம் புகையாகப் போகும். ஏற்றத்தில் மிதித்து ஓடும்போது எக்ஸோஸ்ட் சூடு ஏறும். 2எல், 3எல் ஹெட் வெடிப்பது யாருக்கும் புதுக்கதை இல்லை. சில வண்டிகளில் திருகைக் கூட்டினதும் ஸ்லோவும் ஏறிவிடும், பிறகு அதை வேறாகக் குறைக்க வேண்டும். அளவு மீறினால் காலை எடுத்தாலும் என்ஜின் வேகம் இறங்காது. பேராகலை இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரிய நோசல் கதையும் அப்படித்தான். நம் என்ஜின்களில் டீசல் நேரே பிஸ்டன் மேல் பாய்வதில்லை. ஹெட்டில் உள்ள சிறு சுழல் அறைக்குள் பாய்ந்து அங்கே பற்றிக்கொண்டு வெளியே வருகிறது. அதற்கான நோசலில் ஒரே வாய், நடுவில் ஊசி. வீடியோவில் சொல்கிற மாதிரி ஐந்தாறு துளை போட்ட நோசல் வேறு ரகம். அந்தத் துளைகளைப் பெருப்பிக்கிற வேலை இங்கே பொருந்தாது. எல்200இல் வந்த பழைய 4டி56உம் சுழல் அறைக்காரன்தான். வேறு என்ஜினின் நோசலைக் கொண்டுவந்து போட்டால் ஸ்பிரே தப்பும், டீசல் பூவாகத் தூவாமல் சொட்டாக விழும். பவர் சிப் விற்க வருகிறவர்களிடம் நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கம்பியூட்டரே இல்லாத பம்பில் சிப்பை எங்கே செருகுவது?

அப்படியானால் வண்டி ஏன் முந்தி மாதிரி இழுக்கவில்லை? எங்கள் அபிப்பிராயத்தில் பல வண்டிகளுக்குக் காரணம் 2022.

அந்த வருஷத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2021 டிசம்பரில் 121 ரூபாய்க்கு அடித்த ஓட்டோ டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாய். அந்த விலைக்கும் ஷெட்டில் இல்லை. நாட்கணக்கில் வரிசை, பிறகு கியூஆர் கோட். அதே நேரம் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாய். ஓகஸ்டில்தான் அதை 340க்கு ஏற்றினார்கள். இடையில் கலந்து ஓடாத வண்டி எத்தனை? யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் கெப்பும் கேனில் வாங்கின எதையோ குடித்துத்தான் ஓடியது, அதில் என்ன இருந்தது என்று நாங்கள் விசாரிக்கவுமில்லை.

விஇ பம்புக்குள் வேறு எண்ணெய் கிடையாது. அதற்குள் ஓடுகிற டீசல்தான் அதன் மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்புக் குறைவு. உள்ளே பிளஞ்சரும் கேம் தட்டும் தேய்ந்தால் தேய்ந்ததுதான். தேய்ந்த பம்ப் சூடானதும் அமுக்கம் கொடுக்காது. காலையில் நன்றாக இழுத்த வண்டி மத்தியானம் ஏற்றத்தில் சோர்ந்து போவதும், சூட்டில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் இதன் அடையாளம். அந்தத் தேய்மானத்தைத் திருகை முறுக்கி மறைப்பது, காய்ச்சல்காரப் பிள்ளையை அடித்து ஓட வைக்கிற மாதிரி.

ஆகவே கையில் காசு இருந்தால் முதலில் வண்டியை அது பிறந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். மலிவானதிலிருந்து தொடங்குங்கள். எயார் பில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். தோட்டப் பாதைத் தூசியில் அது அடைவதற்கு வருஷம் தேவையில்லை. டீசல் பில்டர், அதன் அடியில் தேங்கும் தண்ணீர், டேங்குக்குள் இருக்கும் வலை, நோசலிலிருந்து திரும்பி வரும் சிறு ஹோஸ்கள் எல்லாவற்றையும் பாருங்கள். எங்கள் வண்டிக்கு ஒரு வருஷம் "பம்ப் போய்விட்டது" என்று ஒரு கராஜில் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் வெடித்த ஒரு ஹோஸ் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நோசல். கழற்றி டெஸ்டரில் போட்டு, திறக்கிற அமுக்கமும் ஸ்பிரேயும் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள். நாலும் ஒரே மாதிரித் தூவ வேண்டும். நோசல் முனையைப் புதிதாக மாற்றினால் நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். பம்பைத் திறக்க வேண்டி வந்தால் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருப்பவரிடம் மட்டும் கொடுங்கள். நிறுவனம் குறித்த அளவுக்கு அவர் அளந்து கட்டித் தருவார். திரும்பப் பூட்டும்போது டைமிங்கை டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், காதால் கேட்டு வைக்கிற வேலை வேண்டாம். நல்ல பாஸ்மார் இதையெல்லாம் சொல்லாமலே செய்வார்கள். நாங்கள் இவ்வளவும் செய்தபிறகு வாப்பா ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கினார். ஏற்றத்தில் ஒரு கியர் குறையாமல் வந்ததை நாங்கள் கவனித்தோம்.

அதற்கு மேலும் இழுவை வேண்டுமென்றால் டீசலைக் கூட்டாதீர்கள், காற்றைக் கூட்டுங்கள். அதாவது டர்போ. மலைக்குப் பொருத்தமான வழி அதுதான் என்பதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் டர்போவுக்கென்று வார்த்த என்ஜினில் பொதுவாகப் பிஸ்டன், அதைக் குளிர்த்தும் ஒயில் எல்லாம் அதற்கேற்றபடி செய்திருப்பார்கள். சும்மா என்ஜினில் டர்போ மாட்டினால் குறைந்த அமுக்கத்தோடு நிறுத்த வேண்டும், எக்ஸோஸ்டில் ஒரு சூட்டு மீற்றர் கட்டாயம், பம்பையும் அதற்கேற்பப் பெஞ்சில் அளந்து கட்ட வேண்டும். முழு என்ஜினையே மாற்றுவதானால் புத்தகத்தில் உள்ள என்ஜின் நம்பரும் மாறும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைச் சரிசெய்யாமலும் காப்புறுதிக்காரருக்குச் சொல்லாமலும் ஓடினால், விபத்து ஒன்று நடந்த அன்றைக்குத்தான் அதன் விலை தெரியும். இவ்வளவு செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நடையில் ஐந்து மூட்டை குறைத்து ஏற்றினால் என்ன என்று எங்கள் வீட்டில் முடிவெடுத்தோம்.

இன்னொன்று. "எமிஷன் டெஸ்டுக்கு முதல்நாள் திருகைக் குறைத்துவிட்டு, பாஸானதும் கூட்டிக்கொள்ளலாம்" என்று ஒருவர் எங்களிடமே சொன்னார். கெட்டித்தனமாம். 2008இலிருந்து அந்தப் பரிசோதனை இருக்கிறது. அந்தச் சான்றிதழ் லைசன்ஸ் எடுப்பதற்கான ஒரு கடதாசி மட்டும் என்று நினைத்துவிட்டோம். டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் அறிவித்தது. கேட் அருகே நின்று அதை மூச்சாக இழுப்பவர்கள் நம் பிள்ளைகள். லயத்துப் பிள்ளைக்குக் காரும் இல்லை, கண்ணாடி ஏற்றவும் வழியில்லை. ஏமாற்று என்பதற்கு வேறு பெயர் எங்களுக்குத் தெரியவில்லை.

கடைசியாக, ஏறுவதைப் பற்றியே எல்லாரும் கதைக்கிறோம். நம் பாதைகளில் ஏறினதெல்லாம் இறங்கவும் வேண்டும். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை - லுணுகலைப் பாதையில் 13ஆம் கட்டையருகே பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் காரணங்கள் வேறு. ஆனால் அந்த வளைவுகளில் ஒரு பிழைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை நாம் கண்ணால் கண்டோம்.

பெற்றோல் கார் போல டீசல் என்ஜின் பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடத்தைத் தானாகத் தராது. நம் ஹைலக்ஸில் ஒல்ட்டனேட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும் சிறு வெக்கியூம் பம்ப்தான் அந்த வேலையைச் செய்கிறது. அது பழுதானால், அல்லது டீசல் மிச்சம் பிடிக்க என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினால், ஓரிரு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். 2022இல் அப்படி இறங்கினவர்களை நாங்கள் கண்டோம். இன்றும் சிலரை விட்டு அந்தப் பழக்கம் போகவில்லை. பம்பைக் கூட்டிவிட்டு வேகமாக ஏறுகிறவர்களில் எத்தனை பேர் பின் ட்ரம்மைக் கழற்றி லைனிங் எவ்வளவு மிச்சம் என்று பார்த்திருப்பார்கள்?

எங்கள் கெப்பில் போன மாதம் டர்போவுக்கென்று ஒதுக்கின காசு இருந்தது. அதில் நாலு சில்லுக்கும் பிரேக், வெக்கியூம் பம்ப், புது பிரேக் ஒயில். மிச்சத்துக்கு முன் டயர் இரண்டு. வருகிற சனிக்கிழமை வேலை. அந்தப் பம்பைக் கூட்டின தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறோம். திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர பாஸ் சம்மதித்திருக்கிறார், தம்பி இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.