வாய்வு என்று இருந்துவிட்டோம்

என் மாமியாருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. போன ஆடியில் வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக வலி என்றார். "வாய்வுடி, பூண்டு ரசம் வை, சரியாப் போயிடும்" என்று தீர்ப்பும் அவரே சொல்லிவிட்டார். நானும் தைலம் தேய்த்தேன். சாயந்திரமானால் குளிர் நடுக்கத்தோடு ஜுரம். நீர்த்தாரையில் கிருமி என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். 5 நாளாகியும் ஜுரம் விடவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையோ சுத்தம்! அதை நம்பி இன்னும் 2 நாளைக் கடத்தினோம். அந்தத் தப்பில் எனக்கும் பங்குண்டு.

கடைசியில் ஸ்கேன் எடுத்தால், சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பில் சீழ் கட்டியிருக்கிறது, 6 சென்டிமீட்டர்! அபூர்வமாக வருவதாம், சர்க்கரைக்காரர்களும் சிறுநீரகக் கல் உள்ளவர்களும் கூடுதலாகப் பயப்பட வேண்டுமாம். சீழ் தனியாக அடைபட்டுக் கிடந்தால் சிறுநீரில் ஒன்றும் தெரியாமல் போகலாம் என்றார் டாக்டர். சின்னக் கட்டியானால் மருந்திலேயே கரையலாம். இது பெரிசு. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி விட்டு, மெல்லிய குழாய் பொருத்தி வடித்தார்கள். சீழைப் பரிசோதித்து, அந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்த்து ஊசியை மாற்றினார்கள். சர்க்கரைக்கு இன்சுலின். மறுபடி ஸ்கேன் பார்த்து, 9-ம் நாள்தான் குழாயை எடுத்தார்கள்.

சகோதரிகளே, மாத்திரை சாப்பிட்டு 3 நாளாகியும் ஜுரம் இறங்காமல், விலாப்பக்கம் வலியும் இருந்தால், "ஸ்கேன் பார்க்கணுமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மாமியார் இப்போது சௌக்கியம். தைலப் புட்டி மட்டும் இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது.