வேலைக்குப் போன வழியில்

இறக்கக்கண்டிப் பாலத்தை விடிகாலையில் கடக்கும் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்திருக்கிறேன். நிலாவெளி விடுதிகளுக்கும் திருகோணமலைக் கட்டட வேலைகளுக்கும் போகிறவர்கள். அவர்களில் ஒருவர் கார் மோதி இறந்தால் வீட்டாருக்கு என்ன கிடைக்கும்?

1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் அதற்குள் வந்தது; உச்சவரம்பு 5.5 இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாயிற்று. 88 ஆண்டுகள் பிந்திய நியாயம். ஆயினும் வரவேற்கிறேன்.

ஆனால், செத்தவீட்டுக்கு அரிசி மூட்டையோடும் கொஞ்சக் காசோடும் வருகின்ற முதலாளி இச்சட்டத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. "பேசித் தீர்ப்போம்" என்பார். பெரிய மனிதர் என்று ஊரும் மெச்சும்! வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே என்கிறது சட்டம். எனினும், சம்பளத் துண்டின்றிக் கூலி வாங்கியவன் இன்னாரிடம்தான் வேலை செய்தான் என்று கொழும்பிலுள்ள ஆணையாளர் முன் நிறுவ வேண்டியவள், நேற்று விதவையானவள். சொந்தமாக மீன் விற்கப் போனவருக்கோ முதலாளியே இல்லை; அவர் குடும்பத்துக்கு இச்சட்டத்தில் இடமுமில்லை.

மரண விசாரணையில் உறவினரின் வாக்குமூலத்தை எழுதுகிறார்களே, அப்போதே வேலை கொடுத்தவரின் பெயரையும் நாட்கூலியையும் பதிந்தால் என்ன? அதன் பிரதியொன்றை அக்குடும்பத்தின் கையில் கொடுப்பதற்கு இன்னொரு திருத்தச்சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?