'வாடா' என்று கற்பித்தவர் யார்?



திருப்பூரின் பனியன் தொழிற்கூடங்களுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடைகளிலும், கோவையின் வார்ப்பட ஆலைகளின் வாயிலிலும், சென்னையில் வானைத் தொட எழும்பும் கட்டடங்களின் அடிவாரத்திலும் ஒரு குற்றச்சாட்டு ஓயாமல் ஒலிக்கக் கேட்கிறோம். "வடக்கேயிருந்து வந்து குவிகிறார்களே, இவர்களுக்கு மரியாதை என்பதே தெரியாது" என்பது அக்குற்றச்சாட்டு. நரைத்த தலையைக் கண்டும் 'நீ' என்கிறானாம். கடைக்காரரிடம் 'குடு' என்கிறானாம், 'கொடுங்கள்' என்று சொல்ல நா வரவில்லையாம். கைப்பேசியில் பீகாருக்கே கேட்கும்படி உரக்கப் பேசுகிறானாம். மாற்று முகாமிலிருந்து மட்டும் இக்குரல் எழுந்திருந்தால் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். நம் கொடியைச் சுமக்கும் தோழர்களும் இதனைத் தலையசைத்துக் கேட்கின்றனர். சிலர் தம் பங்குக்கு இரண்டு சொல் சேர்த்தும் விடுகின்றனர். ஆகவே பேசியே ஆகவேண்டும்.

முதலில் அந்த 'நீ' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். மரியாதை அறியாத மண்ணிலிருந்தா வருகிறான் அவன்? இந்தியில் முன்னிலைக்கு ஒன்றல்ல, மூன்று சொற்கள்: 'தூ', 'தும்', 'ஆப்'. வங்கமொழியிலும் மூன்று: 'துயி', 'துமி', 'ஆப்னி'. நம்முடைய நீ, நீர், நீங்கள் போலத்தான். எதை எவரிடம் சொல்வது, எவரிடம் சொல்லலாகாது என்பதை அவனுடைய தாய் அவனுக்குச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறாள். லக்னோ நகரத்து உபசாரத்தைப் பற்றி வடநாட்டார் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்றுண்டு. இரண்டு கனவான்கள் ரயில் நிலையத்தில், 'முதலில் தாங்கள் ஏறுங்கள்', 'இல்லை, முதலில் தாங்கள்' என்று ஒருவரையொருவர் வேண்டிக்கொண்டே நிற்க, வண்டி புறப்பட்டுப் போய்விட்டதாம்! மரியாதைக்குப் பஞ்சமான நாடு இப்படியொரு கதையைப் பெற்றெடுக்குமா?

அப்படியானால், 'ஆப்' அறிந்தவன் இங்கு வந்து 'நீ' என்பானேன்?

அவனுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் யார் என்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே. பள்ளிக்கூடமா? பாடநூலா? அல்ல. மேஸ்திரி கற்பித்தார், மேற்பார்வையாளர் கற்பித்தார், மாத வாடகைக்கு ஒரே அறையில் பத்துப் பேரை அடைத்துவைத்த வீட்டுக்காரர் கற்பித்தார். 'வாடா', 'போடா', 'தூக்குடா', 'சீக்கிரம்டா' — இவைதாம் அவன் செவியில் விழுந்த முதற்பாடம், இரண்டாம் பாடம், முடிவான பாடமும். கொங்கு நாட்டிலே கைக்குழந்தையிடமும் 'ங்க' போட்டுப் பேசுவர். 'சரிங்க', 'ஏனுங்க', 'சொல்லுங்க' என்று ஒவ்வொரு சொல்லுக்கும் வால் வைத்ததுபோல் மரியாதை தொங்கும். சென்னையிலிருந்து போகிறவர் அங்கே நாலு நாள் நாக்கைக் கட்டிக்கொண்டு பழகவேண்டியிருக்கும். அத்தகைய நாட்டின் நடுவே ஐந்தாண்டு வாழ்ந்தும் ஒருவன் காதில் அந்த 'ங்க' விழவில்லையென்றால், குறை அவன் காதிலா இருக்கிறது? எவரும் அவனை நோக்கி 'வாங்க' என்று சொல்லவில்லை. சொல்லாததை அவன் எப்படித் திருப்பிச் சொல்வான்?

இடம் பெயர்ந்தவர் வரலாறு நமக்குப் புதிதன்று. நெல்லைச் சீமையிலிருந்து பம்பாய்க்குப் போய்த் தாராவியில் தோல் பதனிட்டவர்கள் நம்மவர்கள். டில்லியில் எழுத்தர்களாய்க் குடியேறியவர்கள் நம்மவர்கள். தமிழர், தெலுங்கர், கன்னடியர், மலையாளி என்ற வேற்றுமை ஏதும் பாராமல் 'மதராசி' என்ற ஒரே சாக்கில் அடைத்துவைத்தது வடநாடு. 1966-ஆம் ஆண்டு பம்பாயில் சிவசேனை தோன்றியபோது அதன் முதல் இலக்கு யார்? தென்னிந்தியர். அதற்கு முன்பிருந்தே 'மார்மிக்' ஏடு அலுவலகங்களிலிருந்த தென்னாட்டுப் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டுக்கொண்டிருந்தது. நம்மவர் உடுத்திய லுங்கி ஏளனத்துக்கு இலக்காயிற்று. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. ஒரு மனிதன் இடுப்பில் என்ன கட்டியிருக்கிறான் என்பதில் தொடங்கி, அவன் கடையின் கண்ணாடியை உடைப்பதில் முடிந்தது அந்தப் பண்பாட்டு ஆராய்ச்சி. பின்னர் 2008-இல் அதே நகரில் அடிபட்டவர்கள் உத்தரப்பிரதேசத்தாரும் பீகாரிகளும்.

அந்நகரின் பேச்சிலே ஒரு விந்தையைக் காணுங்கள். 'அண்ணா' என்பது நமக்கு எத்தனை இனிய சொல்! பம்பாயில் அது தென்னாட்டானைக் கிண்டலாய்ச் சுட்டும் சொல்லாகத் தேய்ந்தது. இந்தியில் 'பைய்யா' என்றாலும் உடன்பிறந்தவன் என்றே பொருள். அதே பம்பாயில் அது வடநாட்டுக் கூலிக்காரனை இகழும் சொல்லாயிற்று. இரு மொழிகளின் உறவுச் சொற்களும் ஒரே நகரத்தில் ஒரே வகையில் சீரழிந்தன. இன்று நம் ஊரில் 'வடக்கன்' என்ற சொல் எந்தத் தொனியில் சொல்லப்படுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். நான் விளக்கவேண்டியதில்லை.

வழக்கங்கள் வேறுபடுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. 'ஆம்' என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் அசைப்பது, வடக்கேயிருந்து வந்தவருக்கு மறுப்பாகத் தோன்றும். சில இடங்களிலோ வேற்றுமையைத் தேடிப் போனால் ஒற்றுமை எதிரே வந்து நிற்கும். 'போகிறேன்' என்று சொல்லாதே, 'போய் வருகிறேன்' என்று சொல் என நம் பாட்டிமார் திருத்துவார்கள் அல்லவா? மராத்தியர் விடைபெறுகையில் 'யேதோ' என்பர். வங்கத்தார் 'ஆஷி' என்பர். இரண்டுக்கும் 'வருகிறேன்' என்பதே பொருள்.

ஆழமான வேற்றுமைகளும் உண்டு. வடபுலத்துச் சிற்றூர்ப் பெற்றோர் பலர், மணம் முடித்துக்கொடுத்த மகளின் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீரும் அருந்தமாட்டார்கள். நமக்கு இது கேட்கவே கசக்கும். மகள் வீட்டில் மாதக் கணக்கில் தங்கிப் பேரனைத் தாலாட்டுபவர்கள் நாம். அங்கே மருமகள் மாமனார் முன்பும் கணவனின் தமையன் முன்பும் முக்காடிட்டு முகம் மறைப்பாள். இங்கே மாமனார் பல குடும்பங்களில் அவளைத் தூக்கி வளர்த்த தாய்மாமனாகவே இருந்திருப்பார். மறைக்க என்ன இருக்கிறது? அத்தை மகனையும் மாமன் மகளையும் மணப்பது நம் பழக்கம். அங்கே அவர்கள் உடன்பிறந்தவர்களுக்குச் சமம். இதைக் கேள்வியுற்றால் டில்லியில் அண்டை வீட்டார் திகைத்துப்போவர். மணஉறவின் அமைப்பே இவ்வொழுக்கங்களை வகுக்கிறது என்பதை 1953-இல் ஐராவதி கார்வே இந்திய உறவுமுறை பற்றிய தம் நூலில் எடுத்துக்காட்டினார். காரணம் புரிந்துவிட்டது என்பதற்காக முக்காட்டை நாம் வாழ்த்தவேண்டியதில்லை. பெண்ணை மூடிவைப்பது எந்த ஊர் மரியாதையானாலும் அது நமக்கு மரியாதை அன்று. அதை எதிர்ப்பது வேறு. அதை வைத்து அவள் கணவனை அறிவிலி என்று எள்ளுவது வேறு. கோடிக்கணக்கான பெண்கள் இந்நாட்டில் இடம் பெயர்வது மணத்தின் பொருட்டே என்று 2011 மக்கள் கணக்கெடுப்பு கூறுகிறது. புது ஊரின் வழக்கங்களை வாய் திறவாமல் கற்றுத் தீரவேண்டியவர்களில் முதல்வர் அவர்கள்தாம். அவர்களிடம் 'நீ வந்த இடத்தின் வழக்கம் என்ன?' என்று கேட்போர் எங்கும் இல்லை.

பெயரைக் கேட்பதும் ஒரு வழக்கந்தான். நம் இளைஞர் வடக்கே வேலைக்குப் போனால், 'முழுப் பெயர் என்ன?' என்பர். தந்தையின் முதலெழுத்தும் தன் பெயரும் சொன்னால் போதாது. மேலும் ஏதோ ஒன்று வேண்டும் அவர்களுக்கு. அது என்னவென்று நமக்குத் தெரியும். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் பின்னே சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருப்பதை வெட்டியெறியச் சொல்லித் தீர்மானம் இயற்றிற்று. அதன் பயனாய் நம் பெயர்கள் குட்டையாயின. நம் தலைகள் நிமிர்ந்தன. எனவே டில்லி அலுவலகத்தில் தந்தை பெயரையே குடும்பப் பெயராக்கி, அத்துடன் ஒரு 'ஜி'யும் சேர்த்துக் கூப்பிட்டால் நம் பிள்ளை நகைத்துக்கொள்ளட்டும், கூசவேண்டாம். ஆனால் இன்னொன்றும் அறிவீர்களாக: 1974-இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமையில் பீகாரில் எழுந்த கிளர்ச்சியின்போது, அங்கும் இளைஞர் பலர் சாதிப் பட்டத்தைத் துறந்தனர், 'குமார்' என்பதோடு பெயரை நிறுத்திக்கொண்டோர் உண்டு. உங்கள் தெருவில் செங்கல் சுமக்கும் ஒரு குமாரின் பெயருக்குள் நம் பயணத்தில் ஒரு பகுதி ஒளிந்திருக்கலாம்.

மரியாதை, மரியாதை என்கிறோமே, நம் மரியாதையின் வரலாறு என்ன? தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வது ஒரு காலத்தில் மரியாதை எனப்பட்டது. ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் ஏந்திச் செல்வது மரியாதை எனப்பட்டது. தேநீர்க் கடையில் தனக்கென ஒதுக்கிய குவளையை எடுத்துக் குடித்துத் தானே கழுவி வைப்பது மரியாதை எனப்பட்டது. இரட்டைக் குவளை எந்த வடவன் கொண்டுவந்தது? வாடகைக்கு வீடு தேடுவோரிடம் 'சைவம் மட்டும்' என்று சென்னையில் சொல்கிறார்களே, அது உணவைப் பற்றிய விசாரணையா, பிறப்பைப் பற்றிய விசாரணையா? இந்த 'மரியாதை'களை எதிர்த்துத்தான் நம் முன்னோடிகள் அடிபட்டார்கள். ஆகவே, வந்தவனுக்கு மரியாதை தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால், எந்த மரியாதை என்று திருப்பிக் கேட்கும் உரிமை மற்றெவரையும்விட நமக்கே உண்டு. பீகார்த் தொழிலாளி வீட்டுக்காரரின் காலைத் தொட்டு வணங்க வந்தால், அது அவன் ஊர் வழக்கம். அவன் கையைப் பிடித்து நிமிர்த்தி, வணக்கம் சொல்லிக்கொடுப்பது நம் வழக்கமாகட்டும்.

2023 மார்ச்சில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று பொய்க் காணொளிகள் பரப்பப்பட்டன. பீதியுற்றோர் ரயிலேறினர். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிற்று. நம் காவல்துறை அது பொய்யென மறுத்துப் பரப்பியோர்மீது வழக்குத் தொடுத்தது. பொய்தான்; ஐயமில்லை. ஆயினும், அந்தப் பொய் ஏன் அவ்வளவு விரைவில் விலைபோயிற்று? நாள்தோறும் 'வாடா போடா' கேட்ட செவி, நாளை அடியும் விழும் என்று நம்புவது எளிது. தொழிலாளரிடையே இந்தப் பிளவு நிலைத்தால் கூலியைக் குறைப்பவர் எவர் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அதைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

"இந்தித் திணிப்பை எதிர்ப்பவர்கள் இந்திக்காரனை அணைப்பதா?" என்று சிலர் வினவுகின்றனர். 1965-இல் மாணவர்கள் எதிர்த்தது ஆட்சிமொழிச் சட்டத்தை. சட்டியும் மூட்டையுமாய் ரயிலேறி வந்த ஏழையை அல்ல. அவன் தமிழ் கற்கவேண்டும் என்பதில் எனக்கும் இரண்டு கருத்தில்லை. வாழ வந்த ஊரின் மொழியைப் பேசாமல் எவரும் அவ்வூரின் மனிதராக முடியாது. கற்பிப்பதற்கு நாம் என்ன ஏற்பாடு செய்தோம் என்பதே கேள்வி.

கேரளம் ஏதோ செய்தது. 2017-இல் அங்குள்ள எழுத்தறிவு இயக்கம், பெரும்பாவூரில் வடநாட்டுத் தொழிலாளர்க்கு மலையாளம் கற்பிக்கும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. 'சங்ஙாதி' என்று பெயர். தோழன் என்பது பொருள். அவர்களை 'அதிதித் தொழிலாளி', அதாவது விருந்தினர் என்று அரசே குறிக்கிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்னும் நம்மவர்க்கு இச்சொல் சற்று உறுத்தலாம். விருந்தாளி திரும்பிப் போகவேண்டியவனல்லவா? தோழன் என்பதே எனக்குப் பொருத்தமாய்ப் படுகிறது.

நம் கிளைகளுக்குப் படிப்பகங்கள் உண்டு. பல இடங்களில் காலையில் ஏடு படிப்போர் போனபின் பூட்டிக் கிடக்கின்றன. ஞாயிறு பிற்பகல்தான் அந்தத் தொழிலாளிகளுக்கும் ஓய்வு. அன்று ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வையுங்கள். கரும்பலகை ஒன்று, பத்துப் பேருக்குப் பாய், தேநீர். இந்தியோ வங்கமோ ஓரளவு தெரிந்த ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் கிடைப்பார். பட்டாளத்தில் இருந்து திரும்பியவரோ, பம்பாயில் பிழைத்து வந்தவரோ போதும். பெயர் கேட்பது, விலை கேட்பது, மருத்துவரிடம் வலியைச் சொல்வது, கூலிக் கணக்கைச் சரிபார்ப்பது ஆகியவற்றைக் கற்றுக்கொடுங்கள். முதல் நாள் வந்து வாயிலில் தயங்கி நிற்பவரை எப்படி அழைப்பது என்று தோழர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்கப்போகும் முதல் தமிழ் அதுவாகவே இருக்கலாம்.