நீங்க எந்த பிளாக்?

நெய்வேலியில யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி 'எந்த பிளாக்?' தான். பேரெல்லாம் அப்புறம். நீங்க டவுன்ஷிப் ஆளா, வெளியாளாங்கிறது அதுலயே தெரிஞ்சிடும். ஐ.இ.இ.இ. எக்ஸ்ப்ளோர், சயின்ஸ் டைரக்ட் மாதிரி ஆன்லைன் ஜர்னல் தளங்களும் உங்ககிட்ட இதையேதான் கேட்குது. பேரு வேணாம், ரோல் நம்பர் வேணாம். 'எந்த ஐ.பி. முகவரியிலேருந்து வர்றே?' அவ்வளவுதான்.

சீன் இதுதான். லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கீங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பேப்பர் வேணும். காலேஜ் லைப்ரரியில ஒரே க்ளிக்குல திறந்த அதே பேப்பர், இப்போ முப்பது டாலர் கிட்ட விலை சொல்லுது. பாஸ்வேர்டு மறந்துபோச்சோன்னு மண்டையைப் பிச்சுக்காதீங்க பாஸ். பாஸ்வேர்டே கிடையாது!

சந்தா கட்டும்போதே காலேஜ், 'எங்க இன்டர்நெட் லைனோட ஐ.பி. நம்பர் இதெல்லாம்'னு பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திடும். அந்த நம்பர்லேருந்து யார் வந்தாலும் கதவு திறக்கும்.

நிறைய பேர் குழம்புற இடம் ஒண்ணு இருக்கு. லேப் கம்ப்யூட்டர்ல ஐ.பி. பார்த்தா 192.168னோ, 10னோ ஆரம்பிக்கும். அதைக் கொடுத்தா வேலைக்கே ஆகாது. 10-ல ஆரம்பிக்கிறது, 172.16 முதல் 172.31 வரைக்கும், அப்புறம் 192.168. இந்த மூணும் உள் உபயோகத்துக்குன்னு 1996-லயே ஒதுக்கினது. உங்க வீட்டு ரூட்டர்லயும் அதே நம்பர், பக்கத்து வீட்டுலயும் அதே நம்பர். 'மாடி வீட்டு அக்கா'ன்னு சொல்ற மாதிரி. தெருவுக்குள்ள புரியும், தபால்காரருக்குப் புரியாது. பழைய ஐ.பி.வி4 முறையில உலகத்துக்கே சுமார் 430 கோடி முகவரிதான். அதனால ஒரு காம்பஸே ஒண்ணு ரெண்டு பொது முகவரி வழியாத்தான் வெளியே போகும். பதிவு பண்ண வேண்டியது அதைத்தான். கூகுள்ல 'வாட் இஸ் மை ஐ.பி.'ன்னு தட்டினா தெரிஞ்சிடும்.

செமஸ்டர் நடுவுல திடீர்னு ஜர்னல் எதுவுமே திறக்கலையா? காலேஜ் இன்டர்நெட் கம்பெனியை மாத்தியிருக்கும். புது நம்பரைப் பதிப்பகத்துக்குச் சொல்ல எல்லாரும் மறந்திருப்பாங்க. லைப்ரேரியன்கிட்ட போய்ச் சொல்லுங்க. இன்னொண்ணு, லைப்ரரிக்குள்ளயே உட்கார்ந்து செல்போன் டேட்டாவுல திறந்தாலும் நீங்க வெளியாள்தான். வி.பி.என். ஓடிட்டிருந்தா சிங்கப்பூர்வாசியாகவே ஆகியிருப்பீங்க.

ஒரே நம்பரை எல்லாரும் பகிர்ந்துக்கிறதுல வில்லங்கமும் இருக்கு. 2010-ல அமெரிக்காவுல ஆரன் ஸ்வார்ட்ஸ்ங்கிற 23 வயசுப் பையன், எம்.ஐ.டி. நெட்வொர்க் வழியா ஜேஸ்டோர் கட்டுரைகளை லட்சக்கணக்குல இறக்கினார். ஜேஸ்டோர் அவரோட ஐ.பி.யைத் தடுத்துச்சு. அவர் வேற ஐ.பி.க்கு மாறினார். கடைசியில அந்த அக்டோபர்ல எம்.ஐ.டி. முழுசுக்குமே சில நாள் கதவைச் சாத்திட்டாங்க. 2011-ல கைது. வழக்கு முடியறதுக்குள்ள, 2013 ஜனவரியில தன் உயிரை முடிச்சுக்கிட்டார். படிக்கிற பேப்பருக்காக ஒருத்தரை அவ்வளவு தூரம் துரத்தினது அநியாயம்னுதான் எனக்குப் படுது.

சரி, வீட்டுலேருந்து படிக்க வழி? 'ஈஸி ப்ராக்ஸி' மாதிரி ஏற்பாடு 1999-லேருந்தே இருக்கு. நீங்க காலேஜ் சர்வர்ல லாகின் பண்ணுவீங்க. அது உங்களுக்காகப் போய்க் கதவைத் தட்டும். பதிப்பகத்துக்குத் தெரியறது காலேஜ் நம்பர் மட்டும்தான். காந்திநகர்ல இருக்கிற இன்ஃப்ளிப்நெட் நடத்துற 'இன்ஃபெட்' மூலமாவும் காலேஜ் லாகினை வெச்சே நுழையலாம். உங்க காலேஜ்ல இதுல எது இருக்குன்னு லீவுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்கங்க.

மத்திய அரசோட 'ஒரே நாடு ஒரே சந்தா' 2025 ஜனவரி 1-லேருந்து ஆரம்பிச்சுது. 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். ஆனா இந்த முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். நம்ம ஊர்ப் பசங்க அதிகமாப் படிக்கிறதோ சுயநிதி இன்ஜினீயரிங் காலேஜ்ல. நாடு ஒண்ணுதான், பிளாக்தான் ரெண்டு!

அந்த ரெண்டாவது பிளாக்ல இருக்கிறவங்க, பேப்பரோட முதல் பக்கத்தைப் பாருங்க. எழுதினவரோட மெயில் ஐடி அங்கேயே இருக்கும். 'சார், ப்ராஜெக்ட்டுக்கு வேணும்'னு ரெண்டே வரி எழுதிப் போடுங்க. நிறைய பேர் பி.டி.எஃப்.பையே அனுப்பி வெச்சிடுறாங்க.