முத்தா, மாணிக்கமா?

வெளிப்பார்வைக்கு இரண்டு சிலம்பும் ஒன்றே. கண்ணகி உடைத்துக் காட்டிய பின்னரே உள்ளே இருப்பது முத்தன்று, மாணிக்கம் என்று பாண்டியன் அறிந்தான். இன்று மதுரை மாணவர் கைப்பேசிக்கு வரும் மின்னஞ்சலும் அத்தகையதே. அனுப்புநராக ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். வேலை உறுதி, முன்பணம் கட்டுக என்றிருக்கும். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் பேருந்தேறி வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த முன்பணம் வீட்டில் ஆட்டை விற்ற காசு.

குறை எங்கே? 1982இல் மின்னஞ்சலுக்கு விதி வகுத்தபோது, அனுப்புபவர் உண்மையில் யார் என்று சோதிக்க வழி வைக்கவில்லை. யாரும் யார் பெயரையும் எழுதலாம். இதைத் தடுக்கப் பின்னாளில் மூன்று முறைகள் வந்தன.

என் பெயரில் இன்னின்ன கணினிகளே அஞ்சல் அனுப்பலாம் என்று நிறுவனம் பட்டியல் வெளியிடுவது எஸ்.பி.எஃப். நல்லதுதான். ஆனால் அது சோதிப்பது உறைமேல் உள்ள முகவரியை. நாம் படிக்கும் 'அனுப்புநர்' வரியை அன்று. மேலும், கல்லூரி முகவரிக்கு வந்ததைச் சொந்த முகவரிக்குத் திருப்பிவிட்டால் உண்மை அஞ்சலும் அச்சோதனையில் தேறாமற் போகும். டி.கே.ஐ.எம். என்பதோ பாண்டியரின் கயல் முத்திரை போன்றது. எத்தனை கை மாறினாலும், கடிதத்தைத் திருத்தாதவரை முத்திரை நிற்கும். இவ்விரண்டில் இதுவே மேல் என்பேன். ஆயினும் மோசக்காரனும் தனக்கென ஒரு முத்திரை செய்துகொள்ளலாமே!

2015இல் விதியாக வெளியான டிமார்க்தான் சிலம்பை உடைத்துப் பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியும் பெயரோடு, பட்டியலோ முத்திரையோ காட்டும் பெயர் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடில் என்ன செய்வது என்பதையும் பெயருக்குரியவரே அறிவிக்கலாம்: விட்டுவிடு, ஒதுக்கி வை, நிராகரி.

இங்கேதான் என் மனத்தாங்கல். நாளொன்றுக்கு 5000 அஞ்சலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் மூன்று முறைகளையும் கைக்கொள்ள வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கூகுள் விதித்தது. ஆனால் 'விட்டுவிடு' என்று அறிவித்தாலே போதுமாம்! கள்ளனைக் கண்டு, நோட்டில் குறித்துக்கொண்டு, கதவையும் திறந்துவிடும் காவலாளியால் யாருக்கு என்ன பயன்? தொடக்கத்தில் சில வாரம் அறிக்கைகளைப் பார்க்க அது வேண்டும். ஆண்டுக்கணக்கில் அப்படியே விடுவது சோம்பலன்றி வேறென்ன?

எழுத்தொன்று மாற்றிய போலிப் பெயரை டிமார்க் பிடிக்காது என்பார்கள். மெய்தான். அதற்கு வேறு வழி வேண்டும், வங்கிகளெல்லாம் 'பேங்க்.இன்' என முடியும் பெயருக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது அவ்வகையில் ஒன்று.

நம் கல்லூரியின் பெயருக்கு டிமார்க்கில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக் கணினி அறிவியல் துறை நண்பர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். 'விட்டுவிடு' என்றிருந்தால், அடுத்த சேர்க்கை தொடங்குமுன் முதல்வர் ஐயாவிடம் சொல்லி 'நிராகரி' என்று மாற்றித் தர வேண்டுகிறேன்.